கல்லுப்போனுக்கு ஒரு கூரை

டிக்கோயாவுக்கு மேலே, ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்று இருந்தது; வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. அதன் கூரைத் தகரம் வெள்ளைக்காரன் காலத்தது. வெள்ளைக்காரன் போனான், தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, பிறகு கம்பெனியிடம் வந்தது. தகரம் மட்டும் யாரோடும் போகாமல் அங்கேயே கிடந்து ஓட்டையாகிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. வெளியே விட்ட பிறகும் உள்ளே அரை மணி நேரம் பெய்யும்.

முதலாம் காம்பராவில் அழகுமுத்துக் கங்காணி குடியிருந்தார். கொழுந்து எடுக்கும் இருபத்தெட்டுப் பெண்களுக்குப் பொறுப்பானவர். தகரம் கேட்டு வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது மனுக்கள் கொடுத்திருந்தார். ஒன்பதுக்கும் ஒரே பதில்தான்: "பரிசீலனையில் உள்ளது." மகள் யோகராணிக்கு அந்த வருடம் டிசம்பரில் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை. அவளுடைய கணக்குப் புத்தகம் மூன்று முறை நனைந்து, அடுப்பு மேல் காய்ந்து, அப்பளம் போல் விறைத்துக் கிடந்தது. ஜூன் மாத அடைமழைக்கு முன்னால் கூரை வேயப்படாவிட்டால் பிள்ளை படித்த மாதிரித்தான் என்று மனைவி மீனம்மா தினமும் சொல்வாள். அழகுமுத்து தினமும் தலையைச் சொறிவார்.

இந்த நிலையில்தான், 2007 மார்ச்சில், கொழும்புத் தலைமையகத்திலிருந்து கைபேசி வந்தது.

சாதாரணக் கைபேசி அல்ல. மழைக்கும் தூசிக்கும் அடி உதைக்கும் அசையாதது. கறுப்பு உடம்பு, ஓரமெல்லாம் கம்பூட்ஸ் போலத் தடித்த செம்மஞ்சள் ரப்பர். படம் பிடிக்கும், திசை காட்டும், டோர்ச் அடிக்கும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் உறுதிக் கைபேசி. கையில் வாங்கிப் பார்த்த சனங்கள் அதன் கனத்தை வைத்துக் கல்லுப்போன் என்றார்கள். தோட்டத்துக்கு ஒன்றே ஒன்றுதான்.

கையளிக்கும் விழா மைதானத்தில் நடந்தது. கூடாரம் ஒன்று அடித்திருந்தார்கள். அதற்குள் மேடை, மேடையில் மேசை, மேசையில் பட்டு விரிப்பு, விரிப்பில் கைபேசி. கூடாரத்தின் அளவு அதோடு முடிந்துவிட்டதால் நானூறு சனமும் வெளியே தூறலில் நின்றது.

தலைமையகத்தின் உறுதிக் கைபேசித் திட்டப் பணிப்பாளர் மதுசூதனன் பேசினார். வெள்ளை உடுப்பு, மெல்லிய தங்க நிறக் கைபேசி ஒன்று சட்டைப் பையில், அழகான மேடைத் தமிழ்.

"அன்பார்ந்த தோட்டத்துச் சகோதர சகோதரிகளே, நீங்கள் வாழும் சூழல் எப்படிப்பட்டது என்பது தலைமையகத்துக்கு நன்றாகத் தெரியும். மழை, சேறு, குளிர், அட்டை. இங்கே எந்தப் பொருளும் ஒரு வருடம் நின்று பிடிக்காது. அதை எண்ணி நாங்கள் மிகவும் வருந்தினோம். வருந்தியதோடு நிற்கவில்லை. இந்தச் சூழலைத் தாங்கும் ஒரு பொருளைத் தேடி மூன்று வருடம், ஐந்து நாடுகள் சென்றோம். இறுதியில் கண்டுபிடித்தோம். இனி இந்தத் தோட்டத்தில் மழையால் பாதிக்கப்படாத ஒன்றாவது இருக்கும் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஈரக்கை என்பதால் சத்தம் சரியாக வரவில்லை.

தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா முன்னால் நின்றார். "ஐயா, ஒரு வாளி தண்ணி கொண்டாரவா? அதுல போட்டு ஒருக்கா காட்டுங்க. பார்த்துக்கிறோம்" என்றார்.

மதுசூதனன் புன்னகைத்தார். "நல்ல கேள்வி. ஆனால் தாங்கும் சக்தி என்பது ஒரு சேமிப்பு. அதை வேடிக்கைக்காகச் செலவழிக்கக் கூடாது. நனைந்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் படம் கொண்டு வந்திருக்கிறோம்." சொன்னபடியே ஒரு பெரிய வர்ணப்படத்தை விரித்துக் காட்டினார். படத்தில் கைபேசி தண்ணீருக்குள் கிடந்தது. சனம் மறுபடியும் கை தட்டியது.

கைபேசி அழகுமுத்துவுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் தோட்டத்துச் சாமான் ஒன்றைக்கூடத் தொலைக்காத ஆள் அவர் ஒருவர்தான். முதல் வருடம் கொடுத்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இன்னும் அவரிடம் இருந்தது. பதினான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு பெரிய கிளாக்கர் தம்பிஐயா அவரைத் தோட்ட அலுவலகமான கந்தோருக்குள் கூப்பிட்டார். தம்பிஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். சுற்றறிக்கைக்கு எதிராகத் தும்மக்கூட மாட்டார்.

"கங்காணி, இதை வெளியால கொண்டு போகக் கூடாது, விளங்குதே? மழை படும்."

"மழைக்குத் தாங்கும்னு பெரியய்யா மேடையில சொன்னாங்களேங்க."

"தாங்கும். அதுக்காக நனைக்கலாமோ? உமக்கு அடி தாங்கும். அதுக்காக அடிக்கிறமோ?"

அடித்த தோட்ட மேலாளர்களான தொரைமார்களைப் பற்றி அழகுமுத்து நிறையக் கேள்விப்பட்டிருந்தார். 

"மலைக்கும் கொண்டு போகேலாது. பனிமூட்டமும் மழைக் கணக்குத்தான். தூசு படக் கூடாது. முழங்காலுக்கு மேல தூக்கக் கூடாது, விழுந்தால் கீறல் விழும். சுற்றறிக்கையில கிடக்கு."

"அப்ப மலையில இருந்து எப்படிங்க பேசுறது?"

தம்பிஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசச் சொல்லி ஆர் சொன்னது? வைச்சிருக்கத்தான் தந்தது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டுது எண்டாலும் உம்மடை கங்காணி வேலை இல்லை. பழையபடி கவ்வாத்துக்குப் போக வேண்டியதுதான். நான் சொல்லேல்லை, சுற்றறிக்கை சொல்லுது."

 அழகுமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இடது முழங்கால் ஏற்கெனவே படி ஏறும்போது கடகடக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டு சரிவில் நின்று கத்தி வீசுவதை நினைத்தாலே வலித்தது.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. பத்தடி காம்பராவுக்குள் கைபேசியை வைக்க ஒரு காய்ந்த இடம் தேடி அழகுமுத்து அலைந்தார். மேசைக்குக் கீழே வைத்தார், தண்ணீர் ஓடி வந்தது. ட்ரங்குப் பெட்டி மேல் வைத்தார், பக்கத்தில் விழுந்த சொட்டு தெறித்தது. கடைசியில் அதை வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்குள் குடை விரித்து உட்கார்ந்தார். குடைக்கு வெளியே யோகராணி கணக்குப் புத்தகத்தைப் பாவாடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மீனம்மா அடுப்படியிலிருந்து இதைப் பார்த்துச் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, நம்ம தலையில ஒழுவுதுன்னு ஒம்பது தடவ எழுதுனீங்களே, என்னா நடந்துச்சு?"

"பரிசீலனையில இருக்கு."

"இப்ப போனு தலையில ஒழுவுதுன்னு எழுதுங்க. நம்மளப் பத்தி ஒரு வார்த்த வரக் கூடாது. யோகு, பேனாவ எடு."

அழகுமுத்து பயந்தார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் இதில் எங்கே பொய் இருக்கிறது என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மனு திங்கட்கிழமை கொழும்புக்குப் போனது. புதன்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. ஒன்பது வருடம் மலையேறத் தெரியாத ஜீப் அது. மதுசூதனன், தம்பிஐயா, தகர வேலை செய்யும் பாஸ் ஒருவர், மூவரும் காம்பராவுக்குள் நுழைந்தார்கள். கைபேசிக்கென்று சுவரில் அடித்திருந்த பலகைத் தட்டிலிருந்து நான்கு பக்கமும் அளவுநாடா பிடித்தார்கள். தட்டுக்கு நேர் மேலே இருந்த ஓட்டையை மூடி ஒரு புதுத் தகரம் அடித்தார்கள். பளபளவென்று ஒரே ஒரு தகரம்.

பாஸ் கூரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சேர், ஜீப்புல இன்னும் ஏழெட்டுத் தகரம் கிடக்கு. இந்தப் பக்கமும் ஒரே ஓட்டை. சேர்த்து அடிச்சிருவமா?"

மதுசூதனன் அந்தப் பக்கம் பார்த்தார். அங்கேதான் யோகராணியின் பாய் சுருட்டி வைத்திருந்தது.

"அது மனிதர் இருக்கும் இடம். நலன்புரிப் பிரிவு பார்க்க வேண்டியது. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. மனிதர் நனைந்தால் காய்ந்துவிடுவார். கருவி நனைந்தால் அறிக்கை எழுத வேண்டும்" என்றார்.

ஜீப் போனது. மீனம்மா பலகைத் தட்டைக் கழற்றி மூன்றடி தள்ளி ஆணி அடித்தாள். யோகராணி எழுதினாள்: "காற்றோட்டம் போதாமையால் கைபேசி இடம் மாற நேர்ந்தது." ஜீப் வந்தது, இரண்டாவது தகரம் ஏறியது. அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளாமல் கைபேசி மூலைக்குப் போனது, மூன்றாவது ஏறியது. மூலையில் வெளிச்சம் போதாமல் போனது, நான்காவதும் ஏறியது. சித்திரை பிறப்பதற்குள் முதலாம் காம்பரா முழுதும் மூடிவிட்டது. அன்று யோகராணி கணக்குப் புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக் குப்புறப் படுத்துப் படித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அழகுமுத்துவுக்கு, அந்தக் கல்லுப்போன் மேல் முதல்முறையாக ஒரு பாசம் வந்தது.

அதற்குள் கைபேசியின் மரியாதை வேறு ஏறிக்கொண்டே போனது. தோட்டத்துப் பொறுப்பில் வந்த எதுவும் காலையில் பெரட்டில் காட்டப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆகவே, விடியற்காலையில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கைபேசிக்கும் பேர் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டுப் பெண்களுக்குப் பிறகு, இருபத்தொன்பதாவது.

"உறுதிக் கைபேசி."

"வந்திருக்குங்க" என்பார் அழகுமுத்து, முழங்கால் உயரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி.

தம்பிஐயா முழுப் பேர், அதாவது முழுநாள் வேலைக் கணக்கு, போடுவார். ஐந்து நிமிடம் பிந்தி ஓடி வந்த பெண்ணுக்குப் பேர் இல்லையென்று திருப்பி அனுப்பிய அதே பேனாவால் போடுவார். பேர் போட்டதும் கைபேசி வீட்டுக்குப் போய்விடும். மற்றவர்கள் மலைக்குப் போவார்கள்.

பெரட்டுக்கு வந்து போகும் நூறு யார் தூரத்தில் தூறல் படலாம் என்று அதற்கு மழைச் சட்டை தைத்து அனுப்பினார்கள். பொத்தான், தொப்பி எல்லாம் இருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்கும் செடிக் குச்சிக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கு, கிழிந்து நாராகி இரண்டு வருடம். அவர்கள் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். நல்ல துணி என்று ஒருத்தி சொன்னாள். பிறகு மாதம் ஒருமுறை தோட்டத்து டிஸ்பென்சரியில் கைபேசியைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. டிஸ்பென்சர் ஐயா மருந்துக்கு வந்த வரிசையை நிறுத்திவிட்டுக் குழாயை அதன் மேல் வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. "நல்லாயிருக்கு" என்று எழுதிக் கொடுத்தார். உண்மையில் அது ஒரு நாளும் மணி அடித்ததில்லை. யாரும் அதற்குப் பேசியதும் இல்லை. அந்த லயத்தில் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

முதலாம் காம்பரா மூடிய மறுநாள் இரண்டாம் காம்பராக்காரி வந்து மீனம்மாவிடம் குசுகுசுத்தாள். "அக்கா, அந்தப் போனை ஒரு கிழமைக்கு எங்க வூட்டுல வைங்களேன். கண்ணு மாதிரி பார்த்துக்கிறோம்."

அழகுமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "மீனா, போதும். என் முழங்கால நினைச்சுப் பாரு."

"உங்க முழங்காலு நனையல. அவங்க புள்ளைங்க நனையுது" என்றாள் மீனம்மா. 

முதலாம் காம்பராவில் பிள்ளை சத்தமாகப் படிப்பதால் கைபேசிக்கு இடைஞ்சல் என்று எழுதி இரண்டாம் காம்பராவுக்கு மாற்றினார்கள். இரண்டாவதில் ஆடு கட்டியிருப்பதால் மூன்றாவதுக்கு. மூன்றாவதில் இருமல்காரர் ஒருவர் இருப்பதால் நான்காவதுக்கு. ஒவ்வொரு காரணத்தையும் தலைமையகம் ஆழமாக ஆராய்ந்து, நியாயம் என்று ஒத்துக்கொண்டு ஜீப்பை அனுப்பியது. ஆறாம் காம்பராவில் சாமிப்படம் கிழக்குப் பார்த்து இருந்ததால் கைபேசி மேற்குப் பார்க்க நேர்கிறது என்று எழுதியதற்கு, "உங்கள் அவதானிப்பைப் பாராட்டுகிறோம்" என்று தனிக் கடிதமே வந்தது. மனு கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் தம்பிஐயா அழகுமுத்துவைக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். ஜூன் பிறந்தபோது ஒன்பது காம்பராக்களின் கூரை புதுத் தகரத்தில் மின்னியது.

மிச்சம் பத்தாவது. அதில் பேச்சியம்மா தனியாக இருந்தாள். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். லயத்திலேயே மோசமான கூரை அவளுடையதுதான். பாயை மடித்து, இரண்டு சொட்டுக்கு நடுவில் கோணலாகப் படுத்துப் பழகிவிட்டாள். "நான் ஒருத்திதானே, புள்ளக்குட்டிக்காரங்க மொதல்ல போடட்டும்" என்று ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்தவள் அவள்.

பத்தாம் காம்பராவுக்கு எழுதிய மனு மட்டும் தகரமாகத் திரும்பி வரவில்லை. கடிதமாக வந்தது. "உறுதிக் கைபேசி ஓரிடத்தில் தங்காதது ஏன்? நிர்வாகத் தலைவர் கவலை கொண்டுள்ளார். பணிப்பாளர் வெள்ளிக்கிழமை நேரில் பரிசோதித்து, பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைபேசியில் தலைவருக்கு முடிவைச் சொல்வார். குற்றம் காணப்பட்டால் கங்காணி பொறுப்பு."

வெள்ளிக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மதுசூதனன் சேற்றில் கால் வைத்து வைத்து வந்தார். அவர் வந்த ஜீப்பைத் தோட்டத்துத் தொரை, தேயிலை ஸ்டோருக்குப் போக வேண்டுமென்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சியம்மாவின் காம்பராவில் பலகைத் தட்டில் மழைச் சட்டையோடு கைபேசி இருந்தது. தட்டின் ஓரத்துக்குக் கீழே ஒழுக்குக்கு வைத்த வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது. வாசலில் லயமே கூடி நின்றது.

மதுசூதனன் கைபேசியின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். "முதலில் கீறல் பார்ப்போம்" என்று அதைத் திருப்பித் தட்டில் வைத்தார். பேச்சியம்மா வீட்டில் பல வருட ஈரத்தில் ஊறிய தட்டு. ஒரு பக்க ஆணி கழன்றது. தட்டு சாய்ந்தது. கைபேசி சறுக்கி, வாளிக்குள் விழுந்து, அடியில் போய் உட்கார்ந்தது.

 மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாம் முடிஞ்சுது" என்றார் தம்பிஐயா மெதுவாக.

மதுசூதனன் முதலில் வாளியைப் பார்த்தார், பிறகு அழகுமுத்துவைப் பார்த்தார். விரலை நீட்டினார். "கங்காணி, இது பழுதாகியிருந்தால் இன்றோடு உமக்குக் கங்காணி வேலை இல்லை."

"பழுதாகலன்னாங்க?" என்று கேட்டாள் மீனம்மா.

அவர் யோசித்தார். யோசித்ததும் முகம் இன்னும் கறுத்தது. "பழுதாகவில்லை என்றால் அது தண்ணீரைத் தாங்குகிறது என்றாகும். தாங்குகிறது என்றால் இத்தனை தகரமும் அநாவசியம். அனைத்தையும் கழற்றிக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும். விதி அப்படித்தான்."

 போன் செத்திருந்தால் வேலை போகும். உயிரோடு இருந்தால் ஒன்பது வீட்டுக் கூரை போகும். முருகனிடம் எதைக் கேட்டு வேண்டுவது என்றே தெரியாமல் அழகுமுத்து நின்றார். வாசலில் நின்ற யோகராணியின் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்தார். செத்துப் போயிருக்கட்டும் என்று முடிவு செய்தார். கவ்வாத்துக் கத்தி துருப்பிடிக்காமல்தான் இருக்கிறது, தீட்டினால் போதும்.

"வாளியைத் தொடாதீர்கள். தலைவரிடம் கேட்டு அறிவுறுத்தல் பெற்றுக்கொள்கிறேன்" என்று மதுசூதனன் சட்டைப் பையிலிருந்து தன் தங்க நிறக் கைபேசியை எடுத்தார். காதில் வைக்கப் போனவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த இடம் பேச்சியம்மா ஒருநாளும் நிற்காத இடம். கூரையிலிருந்து நூலாக இறங்கிய தண்ணீர் நேராக அதன் மேல் விழுந்தது. வெளிச்சம் ஒருமுறை மின்னியது, அணைந்தது. தட்டினார், ஊதினார், உதறினார். ஒன்றும் நடக்கவில்லை.

நேரம் மூன்றாகிவிட்டது. ஜீப் இல்லை. கந்தோர்த் தொலைபேசிக்கு ஒன்றரை மைல். மதுசூதனனின் வெள்ளைச் சட்டை தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போது வாளிக்குள் மணி அடித்தது.

தண்ணீருக்கு அடியிலிருந்து வந்த சத்தம், தொண்டைக்குள் அடைத்தது போலக் கேட்டது. வாளித் தண்ணீர் சிலிர்த்தது. செம்மஞ்சள் வெளிச்சம் கூரைவரை போனது. கைபேசி பிறந்து மூன்று மாதத்தில் முதல் அழைப்பு அது. லயத்தின் கடைசிக் காம்பரா பள்ளத்தாக்கைப் பார்த்து இருந்ததால் டிக்கோயாக் கோபுரத்தின் சிக்னல் அங்கே மட்டும்தான் எட்டும் என்பது, அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

 அழகுமுத்து சட்டைக் கையைச் சுருட்டினார். வாளிக்குள் கைவிட்டுக் கைபேசியை எடுத்தார். சுற்றறிக்கையை மறந்து முழங்காலுக்கு மேல், முகத்துக்கு நேராகத் தூக்கினார். திரையில் தலைவர் என்று எழுதியிருந்தது.

"ஐயா, உங்களுக்குத்தான் போல" என்று நீட்டினார்.

மதுசூதனன் அதை வாங்கினார். வேறு வழியில்லை. காதில் வைத்தார். தண்ணீர் கன்னத்தில் இறங்கி, கழுத்தில் ஓடி, முழங்கையால் சொட்டியது.

"ஓம் சேர். நான்தான் சேர். என்னுடைய போன்... அது சார்ஜ் இல்லை சேர். ஓம் சேர், உறுதிக் கைபேசியிலிருந்துதான் கதைக்கிறேன். இல்லை சேர், ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. மிகவும் பத்திரமாக இருக்கிறது. கூரையா? கூரை மிக நன்றாக இருக்கிறது சேர். நான் அதற்குக் கீழேதான் நிற்கிறேன்."

சொல்லி முடிக்கும்போது ஒரு சொட்டு மூக்கு நுனியில் விழுந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

பேச்சு முடிந்தது. கைபேசியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். தம்பிஐயா கொப்பியை விரித்தார்.

"என்னெண்டு எழுதட்டும் ஐயா?"

"கைபேசி நனையவில்லை என்று எழுதும்."

"சரி. கங்காணி?"

"நனையாத கைபேசிக்குக் கங்காணி என்ன குற்றம் செய்ய முடியும்?"

"ஓம். அப்ப தகரங்களைக் கழட்டுறதோ?"

"நனையாமல் இருந்ததே தகரம் இருந்ததால்தானே? கழற்றினால் தலைவர் ஏன் என்று கேட்பாரல்லவா?"

"அதுவும் சரிதான். இந்தக் கூரை?" என்று தம்பிஐயா பேனாவால் மேலே காட்டினார். பேனா நுனியில் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது.

மதுசூதனன் மேலே பார்த்தார். "இந்தக் கூரை நன்றாக இருக்கிறது என்று தலைவரிடம் சொல்லியாகிவிட்டது. பணிப்பாளர் சொன்னதற்கும் கூரைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஐந்து மணிக்குள் தகரம் அடிக்கச் சொல்லும். எத்தனை வேண்டுமோ அத்தனை."

நாலரைக்கே அடித்து முடித்தார்கள். எல்லோரும் போன பிறகு பேச்சியம்மா காம்பராவின் நடுவில் வந்து நின்றாள். வெளியே மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே காலி வாளி சும்மா இருந்தது.

"சத்தத்தக் காணோமே தம்பி" என்றாள் அழகுமுத்துவிடம். பிறகு பாயை எடுத்து, முதல்முறையாக நேராக விரித்தாள்.  அழகுமுத்துவுக்கு மனம் நிறைந்துபோனது. வீட்டுக்கு வந்து மீனம்மா போட்டுக் கொடுத்த சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். மூன்று மாதமாக எல்லாம் தன் தலைக்கு மேலால் நடந்ததாகவே அவருக்குத் தோன்றியிருந்தது. அன்றைக்குத்தான் அந்த ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது என்று பிடிபட்டது.

திங்கட்கிழமைப் பெரட்டிலும் மழை. பெண்கள் கிழிந்த படங்கைச் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி நடுங்கியபடி நின்றார்கள். இருபத்தொன்பதாவது பேரையும் கூப்பிட்ட பிறகு தம்பிஐயா புதுச் சுற்றறிக்கை ஒன்றைப் படித்தார். தலைவருக்குக் கைபேசியில் பேசியது மிகவும் பிடித்துப்போய்விட்டதாம். குரல் தெளிவாக இருந்ததாம். ஆகவே உறுதிக் கைபேசி இனிமேல் மலைக்கும் செல்லலாம். ஆனால் எக்காரணம் கொண்டும் நனையக் கூடாது.

கொழுந்துப் பெண்களின் வரிசையில் நின்ற மீனம்மா புருஷனைப் பார்த்தாள், வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அழகுமுத்து முன்னால் போய்விட்டார்.

"ஐயா, ஒரு மனுங்க."

"இப்ப என்ன?"

"மலைக்குக் கொண்டு போறதுன்னா போனை யாராச்சும் ஒருத்தரு மடியில வச்சுத்தான் கொண்டு போகணும். படங்கு கிழிஞ்சிருந்தா போனு நனைஞ்சிரும். போனுக்காக இருபத்தெட்டுப் படங்கு வேணுங்க. நல்ல கனமான படங்கா."

"ஒரு போனுக்கு எதுக்கு இருபத்தெட்டு?"

"எந்த நாளு யாரு மடியில இருக்கும்னு சொல்ல முடியாதுங்களே. அது ஒரு எடத்துல தங்காதுன்னு பெரியய்யாவுக்கே தெரியும்."

தம்பிஐயா கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். பிறகு மழையில் நின்ற வரிசையைத் தலைமுதல் கடைசிவரை பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"முப்பது எண்டு போடுறன் கங்காணி. கைபேசிக்கு மாத்துறதுக்கும் ரெண்டு வேணுமெல்லே."